பச்சை மையும் ஓ.டி.பி.யும்

ஜெராக்ஸ் இயந்திரம் எங்கள் பக்கத்துக்கு வந்து சேராத காலத்தில், மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வேண்டுமென்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கார்பன் வைத்து, ஓர் எண்கூடப் பிசகாமல், தலையில் ‘ட்ரூ காப்பி’ என்று போட்டு அடித்துக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கு இதைப் படித்த மாத்திரத்தில் ஏதோ ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வருவது எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரின் முகம். சுற்றுவட்டாரத்தில் கெஜட்டட் அதிகாரி அவர் ஒருவர்தான் என்பதால், காய்ச்சல் கண்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும், மதிப்பெண் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வந்த நாங்களும் ஒரே வேப்பமரத்தடியில் நிற்போம். அவர் மாட்டைப் பார்த்து முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, அப்புறம் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பாடமாகப் படிப்பார். “கணக்குல நல்லா வாங்கியிருக்க. இங்கிலீஷ் ஏன்டே இப்படி?” என்று கேட்பார். நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் பேனா மூடி திறக்கும். இன்றைக்கு நம் சான்றிதழுக்கு நாமே கையொப்பம் போட்டால் போதும் என்று வந்துவிட்டது. நல்லதுதான், ஏழைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ பகல்கள் மிச்சம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர் நம் மதிப்பெண்களை வரி வரியாகப் படித்து அக்கறையோடு ஒரு கேள்வி கேட்கிற அந்தச் சின்ன சந்தோஷமும் அதோடு போய்விட்டது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது 1973-ல். பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும்; அதற்கு மேல் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., பிறகு மூன்றாண்டு பட்டப்படிப்பு. ப்ளஸ் டூ என்பது 1978-ல்தான் வந்தது. தேர்வு முடிவுகள் செய்தித்தாளில் வெறும் எண்களாக வரும். காலை முதல் பேருந்தில் வருகிற பேப்பர் கட்டை டீக்கடைக்காரர் பிரிக்கும்வரை பெஞ்சைச் சுற்றி நிற்கிற கூட்டமும், நம் எண்ணைக் கண்டுபிடித்த பிறகு விரலை அந்த இடத்திலிருந்து எடுக்க மனசு வராமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்பதும், செல்பேசியில் வருகிற குறுஞ்செய்திக்குத் தெரியாத சமாசாரங்கள். எந்தக் கல்லூரி என்கிற கேள்வியே எங்களுக்குப் பெரிதாக எழுந்ததில்லை. பாளையங்கோட்டையில் 1878-லிருந்து தூய யோவான் கல்லூரி இருந்தது, பெண்களுக்கு 1895-லிருந்து சாராள் தக்கர் இருந்தது, 1923-லிருந்து தூய சவேரியார் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் ம.தி.தா. இந்துக் கல்லூரி, எல்லாமே அப்போது மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழே. தரவரிசை போட்டுச் சொல்ல யாரும் கிடையாது. நமக்குப் பிடித்த வாத்தியார் எங்கே படித்தாரோ அதுதான் நல்ல கல்லூரி, அங்கே சம்பளம் கட்ட முடியுமா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி.

எங்கள் வீட்டில் அதற்குப் பதில் ‘முடியாது’ என்பதுதான். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வாரச் சம்பளம். இரண்டு தங்கைகள். முடிவு வந்த மறுநாள் தலைமை ஆசிரியர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அவர் அலமாரியில் ஒரு பழுப்புக் கோப்பு இருக்கும். கல்வித் துறையிலிருந்து வருகிற சுற்றறிக்கைகளில், பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்கிற விஷயம் எது வந்தாலும் அதில் சேரும். அதைப் புரட்டிக்கொண்டே, “ஏலே, மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு உன் மார்க் எட்டாது. லோன் ஸ்காலர்ஷிப்புக்கு எட்டும். அப்பாவைக் கூட்டிட்டு வா” என்றார். நாடு முழுவதும் படிப்பில் முன்நிற்கிற பிள்ளைகளுக்கென்று தேசிய மெரிட் உதவித்தொகை 1961-ல் தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்த படியில் இருக்கும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடனாகத் தருகிற திட்டம் 1963-ல் வந்தது. விஞ்ஞானத் திறமையைத் தேடித் தேர்வு வைத்துக் கொடுக்கிற இன்னொன்று இருந்தது. 1964-ல் இந்தியா முழுமைக்கும் சேர்த்து 350 பேருக்குத்தான். அந்த மூன்று வாசல்களும் எங்கே இருக்கின்றன, எது எந்தப் பையனுக்குத் திறக்கும் என்பது எங்கள் ஊரில் அந்த ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அப்பாவிடம் அவர் இன்னொரு விவரமும் சொன்னார்: படித்து முடித்துப் பையன் ஆசிரியர் வேலைக்குப் போனால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் கடன் தள்ளுபடியாகிவிடும். அப்பாவுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. நான் கணித ஆசிரியரானதற்கு, கணக்கின் மேலிருந்த ஆசையோடு இந்தக் கணக்கும் காரணம்; பத்தாண்டு பாடம் நடத்தி, என்னைப் படிக்க வைத்த கடனை என் மாணவர்களிடமே தீர்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் மனநிறைவு உண்டு.

வருமானச் சான்றிதழ் வாங்குவதுதான் மலையேற்றம். கர்ணம் எழுத வேண்டும், கிராம முன்சீப் ஒப்ப வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், கடைசியில் தாசில்தார். கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்து காத்திருப்போம், உள்ளேயிருந்து மோர்கூட வரும். என்னோடு வந்த நண்பன், என்னைவிட நன்றாகப் படித்தவன், காலனியிலிருந்து வந்தவன் என்பதால் தெருவிலேயே வெயிலில் நின்றான். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1944-ல், ஒன்று தொடங்கப்பட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கான தாள் அந்தத் திண்ணையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-ல் அரசு ஒழித்தது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். இப்போது அதுவும் போய், அந்த நண்பனின் பேரன் இ-சேவை மையத்தில் ஒரு டோக்கன் வாங்கி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டு வருகிறான். பழையது எல்லாம் பொன் என்று பேசுகிறவர்களோடு நான் சேராததற்கு அந்தத் திண்ணை ஒன்று போதும்.

பணம் எப்போது வரும் என்பது வேறு கதை. கல்லூரி ஜூனில் தொடங்கும். உதவித்தொகை மார்ச்சில் வரும். நடுவில் இருக்கிற மாதங்களை அம்மாக்களின் காதுகளும் கைகளும்தான் தாங்கின. ராமேஸ்வரத்துக் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்வதற்கு அக்காவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போனதை அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் தன் வீட்டுக் கதை என்று நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் போனது அம்மாவின் கம்மல். ஓலைச் சுருள் செருகிய காதோடு அவள் ஆவணியிலிருந்து பங்குனி வரை இருந்தாள், கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தவிர்த்தாள், யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒருநாள் கல்லூரி அறிவிப்புப் பலகையில், கம்பிவலைக்குப் பின்னால், ஒரு தட்டச்சுத் தாள் தொங்கும். பெயர்களைக் கண்ணால் தடவிக்கொண்டே போவோம். பிறகு அலுவலகத்தில் வரிசை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்து. எழுத்தர் எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணிக் கொடுக்கிற புது நோட்டுகள். அந்தத் தொகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது மார்பில் அது உரசுகிற உரசல் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கம்மலைத் திருப்புவதற்கு என்று ஒரு பங்கு, பழைய புத்தகக் கடையில் கிளார்க்ஸ் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்கு ஒரு பங்கு, மிச்சத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் நண்பர்களோடு ரவா தோசை. வகுப்பில் யாருக்கு உதவித்தொகை வந்தாலும் தோசை எல்லாருக்கும் என்பது எங்களுக்குள் இருந்த சட்டம். இன்றைக்கு அந்தப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. நடுவில் யார் கையும் படாததால் ஒரு பைசா குறையாமல் போகிறது. பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு வந்திருக்கிறதா என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

மெரிட் என்று நாம் சொல்வதை அளக்கிறவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள் என்ற கவலை எனக்கு ஆசிரியரான பிறகு வந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு 1904-ல் உதவித்தொகையோடு போனார் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறியதும் உதவித்தொகை நின்றது. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அடுத்த ஆண்டு, அதே சென்னைப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டமும் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கொரு முறை என்ன செய்தாய் என்று ஓர் அறிக்கை தந்தால் போதும். ஒரே மனிதர்தான், ஒரே கணக்குதான். ஒரு விதி அவரைத் தள்ளியது, இன்னொரு விதி ஏந்திக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் பட்டினியோடு போன ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதைக்கும். அதனால்தான் உதவித்தொகை என்று யார் என்ன தாளைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை, எந்த நிபந்தனையில் அது நிற்கும் என்பதைத் தேடுகிறேன்.

அப்படி ஒரு தாள் போன ஆண்டு வந்தது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, பிள்ளை ப்ளஸ் டூவுல நல்ல மார்க். பாதி ஃபீஸ் ஸ்காலர்ஷிப்புன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. சேத்துறலாமா?” என்றார். ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான நான்கு வண்ணத் தாள். தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் கல்விக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, தொண்ணூறுக்குக் கால் பங்கு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். விலையை ஏற்றி எழுதிவிட்டு அடித்துக் காட்டுகிற ஆடித் தள்ளுபடியை நாற்பது வருஷமாகப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கட்டம் புதிதாகத் தெரியவில்லை. மகளையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதினோம். கட்டணம் 2 லட்சம். பாதி போனால் 1 லட்சம். விடுதியும் சாப்பாடும் தள்ளுபடிக்குள் வராது, அது இன்னொரு லட்சத்துக்கு மேல். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், திரும்ப வருமோ வராதோ என்கிற காப்புத் தொகை. கடைசியில் பொடி எழுத்தில், ஒவ்வொரு ஆண்டும் குறிப்பிட்ட தர எண்ணுக்குக் கீழே இறங்கினால் சலுகை ரத்து. முதலாண்டில் ஒரு பாடத்தில் சறுக்கினால் அடுத்த மூன்றாண்டும் முழுக் கட்டணம். அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு, “தாத்தா, அப்போ இது எனக்குக் குடுக்கிற ஸ்காலர்ஷிப்பா, என்னை உள்ள கூப்பிடுறதுக்கா?” என்று கேட்டாள். பதினேழு வயதில் அவ்வளவு தெளிவு எனக்கு இருந்ததில்லை; அவளுடைய தலைமுறைக்கு அது தேவைப்படுகிறது.

சரி, அரசு தருவது என்ன என்று பார்க்கத் தொடங்கினோம். பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் தலைமை ஆசிரியரின் பழுப்புக் கோப்பில் மூன்று தாள், இங்கே எத்தனை! ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-லிருந்தும் 7.5 சதவீதம் இடம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடுகிறது. அதே பிள்ளைகள் பெண்களானால் புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களோடு முட்டி மோத வேண்டியிராத ஒரு வாசலைத் திறந்து வைத்த இந்த ஏற்பாட்டைப் போல ஒன்று 1973-ல் இருந்திருந்தால், என் வகுப்பிலிருந்து இன்னும் எத்தனை பேர் படித்திருப்பார்கள், கணக்கில் என்னைத் திணறடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன என் வகுப்புப் பெண்கள் எங்கெல்லாம் போயிருப்பார்கள்!

ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்பு ஒரு வருஷம் மட்டும், இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று அவள் அப்பா கடன் வாங்கி ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். தொழில் படுத்ததும் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த ஒரே வருஷம் போதும் விதிக்கு. அதைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு நல்லது செய்ய நினைத்த தகப்பனைத் தண்டிக்கிற விதியாக அது எனக்குப் படுகிறது; ஏழாண்டில் ஆறாண்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியாவது தரலாம். இதை நான் கேட்க முடிகிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மிச்சமிருந்த வழிகள் இரண்டு. 1997-லிருந்து நடக்கிற ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே பொறியியலுக்குப் போனால், அரசு நிர்ணயித்த கட்டணம்தான். அவள் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள் என்பதால் அதிலும் 25,000 ரூபாய் வரை சலுகை, 2010-ல் வந்த ஏற்பாடு. ஆனால் பிள்ளைக்கு இயற்பியல்தான் வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு ஆண்டுக்கு ஆகிற செலவு, அந்த வண்ணத் தாள்காரர்களின் ஒரு மாத விடுதிக் கட்டணத்தை ஒட்டித்தான் இருந்தது. அடிப்படை அறிவியல் எடுத்துப் படிக்கிறவர்களில், தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு இன்ஸ்பயர் என்று மத்திய அரசு ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது; அந்தக் கோட்டை இவள் மயிரிழையில் தவறவிட்டிருந்தாள். அடுத்தது, கல்லூரி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகை: நாடு முழுவதும் 82,000 பேருக்கு, அதில் பாதி பெண்களுக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதைத் தக்கவைக்க ஐம்பது சதவீத மதிப்பெண்ணும் எழுபத்தைந்து சதவீத வருகையும் இருந்தால் போதும். ஒரு பிள்ளை ஒரு பருவத்தில் காய்ச்சலில் படுத்தாலும், ஒரு பாடத்தில் சறுக்கினாலும் கைவிடாத நிபந்தனை. மெரிட்டை மதிப்பதென்றால் இப்படி மதிக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில். எங்கள் காலத்து நான்கு கையெழுத்துக்குப் பதிலாக இப்போது நான்கு ஓ.டி.பி.; ஆதாரோடு இணைந்த கைபேசி அப்பாவிடம், அப்பா கடையில், கடையில் தையல் இயந்திரச் சத்தம். பிள்ளை தெருவில் ஓடிப் போய் எண்ணைக் கேட்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடிவந்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். முகத்தைக் காட்டச் சொன்னது. விளக்குக்கு நேராக உட்கார்ந்து காட்டினாள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும் என்றது. அவளோடு நானும் வங்கிக்குப் போனேன். கல்லூரி சரிபார்த்து அனுப்ப வேண்டும் என்றது. அலுவலகத்தில் ஒரு பெண் எழுத்தர், தன் மகளுக்குச் செய்வது போலத் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பணம் பிப்ரவரியில் வந்தது. அந்த விஷயத்தில் ஐம்பது ஆண்டில் ஒரு மாதம் முன்னேறியிருக்கிறோம். குறுஞ்செய்தி வந்த மாலையில் அவள் எனக்கும் அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ரவா தோசைச் சட்டம் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் படித்த பள்ளியிலிருந்து சில பிள்ளைகள் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வருகிறார்கள். அவள்தான் கூட்டி வருகிறாள். கேள்விகளையும் அவளே கேட்கிறாள். ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய்? வீட்டில் பட்டம் வாங்கியவர்கள் யாராவது உண்டா? கணக்கு உன் பேரிலா, அம்மா பேரிலா? போன வாரம் வந்த பையனுக்கு வரலாறு படிக்க ஆசை. அவனுடைய வகுப்பில் யாரும் அதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்படவில்லையாம். மத்திய உதவித்தொகையில் அறிவியலுக்கு மூன்று பங்கு, வணிகவியலுக்கு இரண்டு, கலைப் பாடங்களுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பங்குக்கு அவன் மதிப்பெண் எட்டும் என்று நினைக்கிறோம். வருமானச் சான்றிதழோடு வரும் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கைபேசியையும் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.